ஊசியும் விரற்கடையும்

வெளிமாநிலச் சந்தையில் காய்கறியின் பெயர் தெரியாமல் விரலால் சுட்டிக்காட்டி வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சீன மருத்துவம் பயிலச் செல்லும் அயல்நாட்டாருக்கோ அவ்வாறு சுட்டுவது மட்டும் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி, 1975-இல் பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங் நகரங்களில் அயல்நாட்டு மருத்துவர்க்கு அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவம் கற்பிக்கலாயினர். அங்கு எழுந்த இடர் சொல்லைப் பற்றியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது புதிதன்று.

முழங்காலுக்குக் கீழே 'சூசன்லி' என்றொரு புள்ளி உண்டு. முழங்காற்சில்லின் வெளிப்புறக் குழியிலிருந்து மூன்று 'சுன்' கீழே அதனைக் காண வேண்டும். சுன் என்பது கட்டைவிரலின் அகலம். அதுவும் நோயாளியின் விரல், மருத்துவரின் விரலன்று! இதனை அங்குலம் எனப் பெயர்த்து அளவுகோலை எடுத்தால், சிறுவன் காலில் ஊசி இடம் தவறிவிடும். நம் வர்ம மருத்துவர் வழங்கும் 'விரற்கடை'யே பொருந்தும். நோயாளியின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலமே அம்மூன்று சுன்.

இப்புள்ளிக்கு இன்று 'இரைப்பைப் பாதை 36' என்ற எண்ணும் உண்டு. குழப்பம் குறைந்தது, பெயரின் சுவையும் போயிற்று.

இடத்திலும் பிணக்கிருந்தது. சீனர், ஜப்பானியர், கொரியர் கூடி ஆராய்ந்தபோது 361 புள்ளிகளுள் 92 வேறுபட்டன. 86-இல் இணங்கினர். எஞ்சிய ஆறுக்கு, 2008-இல் வெளியான நூலில் இரு கருத்துகளையுமே அச்சிட்டனர். இதனைக் குறையென்பர் சிலர். நமக்கு அந்நூலில் மிகவும் பிடித்தவை அவ்வாறு புள்ளிகளே.