பாத்திரங்கள் உயிர் பெறுவது எப்படி?
(அரவேணுவில் எழுத்தார்வமுள்ள தோழர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



இங்கே படிக்கப்பட்ட கதைகளைக் கேட்டோம். எல்லாவற்றிலும் தொழிலாளி குற்றமே அறியாதவன். மேஸ்திரி பிறவியிலேயே கொடியவன். முதல் வரியில் எப்படி இருந்தார்களோ, கடைசி வரியிலும் அப்படியே நிற்கிறார்கள். கதைகளில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் கோபம் மட்டும் பாத்திரமாகிவிடாது.

கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் பாருங்கள். அதை ரகுநாதன் நமக்குத் தமிழில் தந்திருக்கிறார். 1902 மே தினத்தன்று சோர்மவோ ஊர்வலத்தில் கொடி ஏந்திச் சென்ற பியோத்தர் சலோமவும், அவரது தாய் அன்னாவும் அந்த நாவலுக்கு ஆதாரமானவர்கள். ஆனால் கார்க்கி எடுத்த எடுப்பிலேயே ஒரு வீராங்கனையைப் படைத்துவிடவில்லை. கணவனிடம் அடிபட்டு நடுங்கிப் போன நீலவ்னாவைப் படைத்தார். மகன் வைத்திருக்கும் புத்தகங்களைக் கண்டு அஞ்சுகிறாள், ஆண்டவனிடம் முறையிடுகிறாள். அவளேதான் பிறகு துண்டுப் பிரசுரங்களை உடைக்குள் மறைத்து ஆலைக்குள் கொண்டு போகிறாள். அச்சம் அவளை விட்டுப் போய்விடவில்லை, அச்சத்தோடேயே நடக்கிறாள். அதனால்தான் அவளை நம்புகிறோம்.

இத்தகைய மனிதர்களைத் தேடி நாம் ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. இங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி இருக்கிறார். பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை சொல்வதே விலை. 1998-க்குப் பின் விலை சரிந்தபோது அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். நியாய விலை கேட்டு மாலையில் முழக்கமிட்ட அதே வாய், மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியைக் குறைத்துப் பேசுகிறது! இவர் நல்லவரா, கெட்டவரா? இந்தக் கேள்வியோடு நின்றுவிடுபவன் கதை எழுத முடியாது.

அந்தப் பெண்ணும் வெறும் கண்ணீர்ப் பதுமையல்ல. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவளாக அவள் இருக்கலாம். கூலியில் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுக்காதவள், வீட்டில் மகனைப் படிக்க வைத்துவிட்டு மகளைத் தோட்ட வேலைக்கு இழுக்கிறாள். எடை போடும் இடத்தில் இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள். அவரவர் நியாயத்தை அவரவரே பேசட்டும். உங்கள் பிரசங்கத்தை அவர்கள் வாயில் திணிக்காதீர்கள்.

“எதிரியையும் மனிதனாகக் காட்டினால் போராட்டம் மழுங்கிவிடாதா?” என்று ஒரு தோழர் கேட்டார். மழுங்காது. பால்ஸாக் முடியாட்சியை ஆதரித்தவர். என்றாலும் தாம் நேசித்த பிரபுக்களின் வீழ்ச்சியை உள்ளபடியே எழுதினார். 1888-ல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் அதையே யதார்த்தத்தின் வெற்றியாகப் போற்றினார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேஸ்திரி பிறவிக் கொடியவன் என்று எழுதினால், வாசகன் என்ன முடிவுக்கு வருவான்? மேஸ்திரியை மாற்றினால் போதும் என்பான். முன்பணம் கொடுத்து, தன் ஊராரையே மலைக்கு அழைத்து வந்து, அவர்கள் உழைப்பில் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும்படி அவனை ஆக்கியது எது என்று எழுதுங்கள். அப்போதுதான் மாற வேண்டியது அமைப்பு என்பதை வாசகனே கண்டுகொள்வான்.

ஆகவே தோழர்களே, அந்தக் கதைகளைக் கிழித்தெறிய வேண்டாம். திரும்ப எழுதுங்கள்!