பேரன் முகாமுக்குத் திரும்பும் முன்



தேசிய சேவை 1967இல் தொடங்கியது. உங்களில் சிலர் அந்தத் தொடக்கக் காலத்திலேயே சீருடை அணிந்திருப்பீர்கள். இப்போது பேரன்களின் முறை. அவர்களில் சிலர் அதிகாரிகளாகத் தேர்வாகி, ஜூரோங் பக்கம் உள்ள சாஃப்டியில் மாதக்கணக்கில் பயிற்சி பெறுகிறார்கள்.

உடலுறுதித் தேர்வில் முன்பு ஐந்து அங்கங்கள் இருந்தன. 2015 முதல் மூன்றுதான்: ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் மல்லாந்து படுத்து எழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளிகளில் ஓட்டத்துக்கு மட்டும் 50. “இப்பல்லாம் சுலபம்” என்று சொல்லும் தாத்தாக்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் ஓடிப் பார்த்தால் தெரியும்!

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காய்வதில்லை. வெப்பத்துக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள், இடையிடையே ஓய்வு கொடுக்கிறார்கள், கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடல் சூட்டைத் தணிக்கிறார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் நடப்பது முகாமுக்குத் தெரியாது. பேரனுக்கு இலேசான காய்ச்சல். நாளை முக்கியமான பயிற்சி, தவறவிட மனமில்லை. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புகிறான். மாத்திரை சூட்டைக் குறைத்துக் காட்டும், நோயைக் குணப்படுத்தாது. காய்ச்சல், தூக்கக் குறைவு, உடலில் நீர் குறைவது ஆகியவற்றோடு கடும் பயிற்சியும் சேர்ந்தால் வெப்பத்தாக்கம் வரலாம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தப்பும். உயிரே போகலாம்.

உடல்நலமில்லை என்று முகாமில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘ரிப்போர்ட் சிக்’ என்று பெயர். இந்த உரையைத் தமிழில் எழுதும்போது முதலில் ‘முறையிடுதல்’ என்று எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். ஏதோ குறை சொல்வது போல இருந்தது. ‘தெரிவித்தல்’தான் சரி. நாளை ஏறத்தாழ முப்பது வீரர்களை வழிநடத்தப் போகிறவன், தன் காய்ச்சலையே மறைக்கப் பழகினால், அடுத்தவன் தள்ளாடுவதை எப்படிக் கவனிப்பான்?

இந்த விஷயத்தில் உங்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. “எங்க காலத்துல காய்ச்சலோடயே ஓடினோம்” என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதைப் பேரன் மறக்கமாட்டான். அதற்குப் பதிலாக, “உடம்பு எப்படிப்பா இருக்கு?” என்று கேளுங்கள். சனிக்கிழமை மதியம் வரை தூங்கினால் எழுப்பாதீர்கள். காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டான் என்பதையும் முகாமில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ள வெப்பமானியில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.