உடலின் பெயர்களை உச்சரிக்கும் கலை

மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர்களை முதலில் மலைக்க வைப்பவை உடல் உறுப்புகளின் லத்தீன் பெயர்கள். 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடற்கூறியலார், புழக்கத்தில் குவிந்துகிடந்த பெயர்களைச் சலித்து, ஓர் உறுப்புக்கு ஒரு பெயர் என்று வரையறுத்தார்கள். எழுத்து ஒன்றாயிற்று, உச்சரிப்பு ஒன்றாகவில்லை. பெருமூளையைப் பழைய ரோமானிய முறையில் படிப்பவர் 'கெரெப்ரும்' என்பார். திருச்சபை முறையில் அது 'செரெப்ரும்'. ஆங்கில வழக்கில் 'ஸெரிப்ரம்'. எப்படிச் சொன்னாலும் அசை மூன்றுதான். இந்தக் கலையின் உயிர் அசை பிரிப்பதில்தான் இருக்கிறது.

விதி எளியது. உயிரொலி எத்தனையோ, அசையும் அத்தனை. இரு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின் அசையோடு சேரும்; இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொரு பக்கம் பிரியும். அழுத்தம் எங்கே? ஈற்றயல் அசையைப் பாருங்கள். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அங்கேயே அழுத்த வேண்டும். இல்லையென்றால் அதற்கு முந்தைய அசையில்.

முழங்கால் சில்லு, ப-தெல்-ல: 'தெல்' அழுந்தும். தோள்பட்டை எலும்பு, ஸ்க-பு-ல: 'பு' குறில், ஆகவே 'ஸ்க' அழுந்தும். கொப்பூழ், உம்-பி-லீ-குஸ்: 'லீ' நெடில், அழுத்தம் அதற்கே.

லத்தீன் எழுத்து குறில், நெடிலைக் காட்டாது. அகராதிகள்தாம் நெடிலின் மேல் கோடிட்டுக் காட்டும். தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சொல்லைத் தமிழில் எழுதிக்கொண்டால் குறிலும் நெடிலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கழுத்தைத் திருப்பும் தசையின் பெயரைக் கேளுங்கள்: ஸ்தெர்-நோ-க்ளேய்-தோ-மஸ்-தோ-ஈ-தெ-உஸ். ஒன்பது அசை, அழுத்தம் 'ஈ'யில். நிறுத்திச் சொன்னால் மார்பெலும்பு, காறை எலும்பு, காதுக்குப் பின்னுள்ள எலும்பு முனைப்பு என்று அத்தசை பற்றியிருக்கும் மூன்று இடங்களும் காதில் விழும். பெயரே பாடமாகிவிடுகிறது.

அசையை விழுங்கினால் ஆபத்தும் உண்டு. கீழ்க்காலின் வெளிப்புறத் தசை 'பெரோனேயுஸ்'. தொடைகளுக்கு இடைப்பட்ட அடிப்பகுதி 'பெரினேயும்'. இரண்டாம் அசை மங்கினால் கேட்பவர் தடுமாறுவார். 1998இல் வெளிவந்த சர்வதேசப் பெயர்ப் பட்டியல் அத்தசைக்கு 'ஃபிபுலாரிஸ்' என்ற பெயரை முன்வைத்தது இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்க உதவுகிறது.

மாணவர்களே, எந்த உச்சரிப்பு மரபை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததை மாற்றாதீர்கள். முதலில் அசை பிரியுங்கள், அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளியின் உடலைப் பற்றிச் சக மருத்துவரிடம் பிசகின்றிப் பேச இந்தப் பயிற்சி அவசியம்.