கச்சேரி நிதியும் காவல் நிலையமும்



நல்ல காரியத்துக்குப் பாடிப் பணம் சேர்ப்பது நமக்குப் பழக்கமான சங்கதி. கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டடம், புயல் நிவாரணம், எதுவானாலும் ஒரு கச்சேரி வைத்துவிடுவோம். கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 1944இல் ஐந்து கச்சேரிகள் பாடினார். ஆனால் காவல் நிலையத்தில் அடிபட்டுச் செத்தவர் வீட்டு வழக்குச் செலவுக்கு மேடை போடுவது நம் சபாக்களின் வழக்கத்தில் இல்லை. அது அரசியல், நமக்கு எதற்கு என்பார்கள். அரசியல்தான். கஸ்தூரிபா நிதி மட்டும் என்னவாம்?

இங்கே அடிக்கும் அதிகாரம் பழையது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த மூவர் ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. தீர்வை பாக்கி வைத்த குடியானவனுக்கு விரலை நெரிக்கும் கிட்டி கட்டினார்கள், உடம்பை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் போட்டார்கள், வெயிலில் நிறுத்தினார்கள். தீர்வை வசூலித்தவர்களின் கையிலேயே போலீசு வேலையும் இருந்தது. அடித்தவரின் அதிகாரியிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும். அதனால் பெரும்பாலோர் சொல்லவில்லை. இரண்டு வேலையையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் தனிப் போலீசுத் துறையை உண்டாக்கியது.

இப்போது 2006க்கு வருவோம். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீசார் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அதற்குத் தலைவராக வேண்டும் என்றது. நம் சட்டமன்றம் 2013இல் சட்டம் இயற்றியது. அதன்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர். வருவாய்த் துறை அதிகாரியும் போலீசு அதிகாரியும் மறுபடி ஒரே மேசையில். அந்தப் பழைய அறிக்கையை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

இந்தத் தஞ்சை மண் அநீதியைப் பாடாமல் இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாகை நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. இன்குலாப் எழுத, கே.ஏ. குணசேகரன் பாடிய பாட்டு அந்தக் கோபத்தைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது. இதே தஞ்சையில் மக்கள் கலை இலக்கியக் கழகம் பல ஆண்டுகள் மக்கள் இசை விழா நடத்தியது. கர்நாடக சங்கீத விழா நடக்கும் திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே பறைக்கும் ஒரு மேடை! அந்த அமைப்பின் பாடகர் கோவன், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபரில் திருச்சியில் கைதானார். போட்ட வழக்கு தேசத்துரோகம். பாடுகிறவருக்கே வக்கீல் தேவைப்படும் ஊர் இது.

பாட்டு கோபத்தை மூட்டும், வழக்கு நடத்தாது. அதற்குக் காசு வேண்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே, கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் அடிபட்டு இறந்தார் இராசாக்கண்ணு. போலீசாருக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2006இல்தான் வந்தது. பின்னாளில் நீதிபதியான சந்துரு கட்டணம் வாங்காமல் வழக்காடினார், மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். இந்த வழக்கைச் சொன்ன ‘ஜெய் பீம்’ படம் பார்த்து அழுதவர்கள் அந்தப் பதின்மூன்று வருடத்துச் செலவை யோசித்திருப்பார்களா? இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்டு மனுப் போட வேண்டும். சாட்சிக்குப் போகிற கூலிக்காரருக்கு அன்றைய கூலி போய்விடும். தஞ்சாவூர்க்காரர் உயர் நீதிமன்றத்துக்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகைக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். பஸ் காசே பெரிய தடை.

பாட்டு மட்டும் போதாது என்பதை வெளிநாட்டில் ஒரு பாடகர் வேறு வழியில் பிடித்தார். தென்னாப்பிரிக்கப் போலீசுக் காவலில் 1977இல் இறந்த ஸ்டீவ் பிக்கோவைப் பற்றிப் பாடியவர் பீட்டர் கேப்ரியல். ஆம்னஸ்டி அமைப்புக்காக 1988இல் உலகம் சுற்றிய கச்சேரிக் குழுவோடு டெல்லிக்கும் வந்தார். 1992இல், அடிபடும் மக்கள் கையில் வீடியோ கேமராவைக் கொடுப்பதற்காக ‘விட்னஸ்’ என்ற அமைப்பு தொடங்கக் காரணமானார். பாட்டோடு நிற்காமல் கருவிக்கும் வழி செய்தாரே, அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

கேமரா மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. 2020 ஜூனில் தந்தையும் மகனும் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டுப் பிறகு இறந்தார்களே, அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. பதிவு மட்டும் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கடைசியில் வாய் திறந்தவர் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊர் நிலையத்தில் அது நடக்கிறதா என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

சபாச் செயலாளர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளுக்காக உங்களிடம் ஒரு மாலைப்பொழுது கேட்கிறேன். நாகஸ்வரம், தவில், பறை, வாய்ப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில். டிக்கெட் போடுங்கள், வாசலில் துண்டும் ஏந்துங்கள். வருகிற பணத்துக்குத் தணிக்கை செய்த கணக்கு வெளியிடுங்கள். வழக்குச் செலவுக்குப் போக மிஞ்சினால், 2013 சட்டத்தின் புகார் ஆணையப் பிரிவுகளைத் திருத்தக் கோரி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கலாம். மார்கழிக்கு முன் ஒரு தேதி சொல்லுங்கள்.