பூச்சியமும் ஒரு விடையே
(நூற்றாண்டு விழாவையொட்டி மாணவியர் முன் வைத்தியத்துறைப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

வைத்தியர்களாகிய நாங்கள் உடல்நலம் பற்றிப் பேசுவோம் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பேசப்போகிறோம், ஆனால் இங்கே நாங்கள் கற்ற அட்சரகணிதத்தின் வழியாக.

ய² = 5ய என்ற சமன்பாட்டின் இருபுறத்தையும் ய ஆல் வகுத்தால், ஒரே வரியில் ய = 5 என்று வந்துவிடும். ஆனால் ய = 0 என்று பிரதியிட்டுப் பாருங்கள்; அதுவும் பொருந்தும். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் தெரியாக் கணியத்தால் வகுக்கும்போது, அது பூச்சியமல்ல என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். பெருக்கினால் இதற்கு எதிர்மாறு நடக்கலாம். ய = 3 என்பதை ய ஆல் பெருக்கினால் ய² = 3ய; இல்லாத பூச்சியம் விடையாக நுழைந்துவிடும். ஆகவே, வகுப்பதை விட்டு ய(ய − 5) = 0 எனக் காரணிப்படுத்துங்கள். பெருக்கினால், விடையை முதற் சமன்பாட்டில் இட்டுச் சரிபாருங்கள்.

ஒரு புள்ளிதானே போகும் என்று எண்ணாதீர்கள். நுளம்பே மலேரியாவைப் பரப்புகிறது என நிறுவி 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ், அந்நோயின் பரவலைச் சமன்பாடுகளாகவும் எழுதினார். அவற்றை மிக எளிமையாக்குவோம். ஊரில் நோயுற்றோரின் பங்கு ய, புதிதாகத் தொற்றுவது 4ய(1 − ய), குணமாவது ய. இரண்டும் சமனாகும்போது 4ய(1 − ய) = ய. ய ஆல் வகுத்தால் ய = 3/4. அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் என்றும் நோயாளர். நோயே இல்லாத ஊர் என்ற விடை தாளிலிருந்து மறைந்துவிட்டது!

நுளம்பைக் கட்டுப்படுத்தி அந்த 4ஐ 1/2 ஆகக் குறைத்தால்? வகுத்தவருக்குக் கிடைப்பது ய = −1. அப்படி ஓர் ஊர் இல்லை. அங்கே பொருளுள்ள ஒரே விடை, அவர் தொலைத்த பூச்சியம்தான். நுளம்பு முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே போதும் என்று ரொஸ் வாதிட்டதன் உட்பொருள் இதுவே.

நமது நாட்டில் 1963இல் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. கட்டுப்பாடு தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர். பரவும் வேகம் அதிகமாக இருக்கும் வரை பூச்சியம் ஒரு விடைதான். ஆனால் ஒரு நோயாளி வந்தாலே குலையக்கூடிய விடை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் காய்ச்சலோடு வருபவரிடம், "அண்மையில் வெளிநாடு போனீர்களா?" என்று இன்றும் கேட்கிறோம்.

அன்பு மாணவிகளே, வகுக்குமுன் ஒரு கணம் நின்று, "இது பூச்சியமாக இருக்குமோ?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுத்தந்த கணித ஆசிரியைகளுக்கு இந்த நூற்றாண்டில் எங்கள் நன்றி உரியது.