கரியமில வியாபாரமும் விக்டோரியா ஏரிக்கரைக் குடியானவர்களும்



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல் தாண்டி, கென்யா நாட்டில் நடப்பது. "எங்கள் கூலித் தகராறே தீரவில்லை, கென்யாவைப் பற்றி என்ன பேச்சு?" என்று பின்வரிசையில் இருப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 ஜனவரியில் இந்திய சர்க்காரின் விவசாய இலாகா, விவசாயத்தில் கார்பன் சந்தை ஏற்படுத்த ஒரு வரைமுறையை வெளியிட்டிருக்கிறது. மரம் நடு, வைக்கோலைக் கொளுத்தாதே, அதனால் காற்றில் குறையும் கரியமில வாயுவுக்குப் பணம் தருகிறோம் என்று கையில் ஒப்பந்தக் காகிதத்தோடு ஆட்கள் வரக்கூடிய காலம் இது. அந்தக் காகிதத்தில் நமக்கு முன்னாலேயே கைநாட்டு வைத்தவர்கள் விக்டோரியா ஏரிப் பக்கத்துக் குடியானவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஏரி என்றால் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பரப்பு 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வரும். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. நைல் நதியின் ஒரு கிளை அங்கிருந்துதான் புறப்படுகிறது. கென்யப் பக்கத்தில் நியாண்டோ, யாலா, ந்சோயா என்று பல ஆறுகள் மேட்டு நிலத்திலிருந்து இறங்கி ஏரியில் விழுகின்றன. மழைக் காலத்தில் அந்த ஆறுகளில் தண்ணீரோடு மண்ணும் ஓடுகிறது. மேட்டிலுள்ள குடியானவனின் மேல்மண்ணும் எருவும் போய் ஏரியில் படிகின்றன. அந்தச் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை கொழுக்கிறது. 1990-களில் கிசுமு நகரத்தை ஒட்டிய வளைகுடாவை அது அடைத்துக்கொண்டது. மீனவர்கள் படகை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இதற்கும் கரியமில வாயுவுக்கும் என்ன தொடர்பு? வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தழையும் சாணமும் மக்கிய மண் கறுத்து, கையில் பிடித்தால் பொலபொலவென்று இருக்கும். அந்தக் கறுப்பில் கரி இருக்கிறது. மரத்தை வெட்டி, தாளைக் கொளுத்தி, சரிவில் மண்ணை வெறுமையாக உழுது போட்டால் அந்தக் கரி காற்றில் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, மண் வெளுத்துவிடுகிறது. மரம் வைத்து, மூடாக்குப் போட்டு, வரப்பு எடுத்துக் கட்டினால் கரி மண்ணுக்குத் திரும்புகிறது. இதுதான் விஞ்ஞானம். இதில் மோசடி எதுவும் இல்லை.

சரி, அந்த மண்ணைக் கெடுத்தது யார்? 1901-ல் பிரிட்டிஷ்காரனின் ரயில் ஏரிக்கரையை எட்டியது. கெரிச்சோ பக்கத்து மேட்டு நிலத்தைக் கிப்சிகிஸ் மக்களிடமிருந்து பறித்துத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். உழுகிறவனுக்கு மிஞ்சியது துண்டு நிலம். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்தது. தரிசு போட்டு மண்ணை ஆறவிட அவனுக்கு ஏது வசதி? சுதந்திரம் வந்த பிறகாவது நிலைமை மாறியதா? நியாண்டோ, சோண்டு முதலிய ஆறுகளுக்கு ஊற்றாக இருப்பது மாவ் காடு. 2001-ல் கென்ய சர்க்கார் அந்தக் காட்டில் 60,000 ஹெக்டேருக்கு மேல் ஒரே வீச்சில் பட்டியலிலிருந்து நீக்கியது. நிலமற்றோர் பெயரைச் சொல்லித்தான் நீக்கினார்கள். பங்கு பெற்றவர்களில் பெரும்புள்ளிகளும் இருந்தார்கள் என்பது பின்னால் வெளிவந்தது.

60,000 ஹெக்டேர் என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கென்யாவில் கிசுமு, கிடாலே பகுதிகளில் கென்ய விவசாயக் கார்பன் திட்டம் என்று ஒன்று வந்தது. அதை நடத்தியது சுவீடன் நாட்டு ஸ்தாபனம். அங்குள்ள கூட்டுறவு இயக்கத்தின் 'வி' என்ற பத்திரிகையின் வாசகர்கள் மரம் நடப் பணம் திரட்டி 1983-ல் தொடங்கியது அது. 'வி' என்றால் அவர்கள் பாஷையில் 'நாம்' என்று அர்த்தம், நல்ல பெயர்தான். 2010 நவம்பரில் அந்த ஸ்தாபனம் உலக வங்கியின் கார்பன் நிதியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 60,000 குடியானவர்கள், 45,000 ஹெக்டேர் நிலம் என்பது இலக்கு. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இரண்டு ஏக்கர் கூடத் தேறாது. ஒரே கையெழுத்தில் சர்க்கார் கொடுத்த காட்டைவிடச் சிறிய நிலத்தில், 60,000 குடும்பங்கள் மண்வெட்டி பிடித்து மண்ணைத் திருத்த வேண்டும்!

அவர்கள் திருத்தினார்கள். சித்தகத்தியும் சில்வர் ஓக்கும் நட்டார்கள், சோளத்தட்டையைக் கொளுத்தாமல் மக்கவிட்டார்கள், சரிவில் வரப்புக் கட்டினார்கள். இதன் பலனாகக் காற்றில் சேராமல் தடுத்த வாயுவை டன் கணக்கில் மதிப்பிட்டு, டன்னுக்கு ஒரு சீட்டு என்று எழுதி விற்பதுதான் கார்பன் வியாபாரம். 2014 ஜனவரியில் முதல் சீட்டுகள் வந்தன. மொத்தம் 24,788 டன். இந்த முறையில் உழவு நிலத்துக்கு உலகத்திலேயே கிடைத்த முதல் சீட்டுகள் என்று உலக வங்கி பெருமையாக அறிவித்தது. 5,164 மோட்டார் வண்டிகள் ஒரு வருஷத்தில் விடும் புகைக்கு இது சமம் என்றும் அதுவே கணக்குச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டது, ஒரு பட்டணத்துத் தெருவில் ஓடும் வண்டிப் புகைக்குத்தான் ஈடாகிறது.

பணம் எவ்வளவு? ஒப்பந்தம் செய்தபோது, ஜனங்களுக்கு நேராகப் போய்ச் சேரும் பலன் 3,50,000 டாலருக்குச் சற்று மேல் என்றார்கள். காதுக்குப் பெரிய தொகைதான். 60,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6 டாலர். அன்றைய மதிப்பில் 300 ரூபாய்க்குள் அடங்கும். அதுவும் ஒரு வருஷத்துக்கு அல்ல, ஒப்பந்த காலம் முழுவதற்கும்!

ஏன் இப்படித் தேய்ந்துபோகிறது? டன்னை அளக்க வேண்டும், அளந்ததைச் சோதிக்க வேண்டும், சோதித்ததைப் பதிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிபுணர் சம்பளம் உண்டு. ஆலையில் நூலை எடை போடுகிற குமாஸ்தாவின் சம்பளத்தை நூற்ற தொழிலாளியின் கூலியில் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா? இங்கே நடப்பது அதுதான். இன்னொரு வேடிக்கை: ஒவ்வொரு வயலிலும் தோண்டி மண்ணைப் பார்ப்பதில்லை. எத்தனை மரம், எவ்வளவு எரு, என்ன பயிர் என்று குடியானவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அதைக் கணித வாய்பாட்டில் போட்டு டன்னாக்குகிறார்கள். அந்தக் கணக்கு எழுதுகிற வேலைக்குக் கூலி கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, திட்டமே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மக்காச்சோள மகசூல் 15 முதல் 20 சதவீதம் கூடியது என்று 2014 அறிக்கை சொல்கிறது. அதுதான் உண்மையான வரும்படி! விறகு பக்கத்திலேயே கிடைத்தது, மாட்டுக்குத் தழை கிடைத்தது, வரப்புக் கட்டிய சரிவில் மண் நின்றது. வயலுக்கு வந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. நம் பக்கத்தில் விவசாய இலாகா ஊழியரைப் பார்க்க நாம்தான் நடையாய் நடக்கிறோம். நம் அபிப்பிராயம் இதுதான்: மண்ணைத் திருத்துகிற காரியம் சோற்றுக்காகச் செய்யத் தக்கது, சீட்டுப் பணத்தை நம்பிச் செய்யத் தக்கதல்ல.

அடுப்புக் கதை இன்னும் மோசம். மேற்குக் கென்யாவில் மண்பாண்டம் செய்யும் பெண்கள் வனையும் 'உபேசி' அடுப்பு நல்ல அடுப்பு. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகத் தின்னும். 'உபேசி' என்றால் சுவாஹிலியில் 'சுருக்காக' என்று அர்த்தம். இந்த மாதிரி அடுப்புகளைக் கொடுத்துச் சீட்டு விற்கும் கம்பெனிகள் கென்யாவில் ஏராளம். புது அடுப்பு வந்ததும் பழைய அடுப்பு போய்விட்டது என்று அவர்கள் கணக்கு எழுதுகிறார்கள். பத்துப் பேருக்குச் சமைக்கிற வீட்டில் அது நடக்குமா? நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், இரண்டு அடுப்பும் எரியும். கலிபோர்னியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளின் அடுப்புத் திட்டங்களைப் பரிசீலித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த புகையைப் போல 9 மடங்குக்கு மேல் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டார்கள். அந்தச் சீட்டை வாங்கிய கம்பெனி தன் புகைபோக்கியை மூடவில்லை. தன் புத்தகத்தில் புகையைக் கழித்துக்கொண்டது. கென்யாவில் ஆளுக்கு வருஷத்தில் அரை டன் கரியமில வாயு கூட வெளியாவதில்லை. அமெரிக்காவில் ஆளுக்கு 13 டன்னுக்கு மேல். யார் குறைக்க வேண்டும், யாரைக் குறைக்கச் சொல்கிறார்கள் பாருங்கள்.

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2023-ல் கென்ய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. நிலம் சார்ந்த கார்பன் திட்டங்களில் முந்தின வருஷ வருமானத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஊர் ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல ஷரத்து, போராடிப் பெறத் தக்க ஷரத்து. ஆனால் அதற்குள் ஒரு வால் இருக்கிறது: தொழில் நடத்தும் செலவு போக மீதியில் 40 சதவீதம். செலவை எழுதுகிறவர் யார்? கம்பெனிதான். மேலும் இந்த ஏற்பாடு பொது நிலத்துக்கும் ஊர்ச் சமுதாய நிலத்துக்குமே. சொந்தத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏரிக்கரைக் குடியானவன் அதில் வரமாட்டான். அவனுக்குத் துணை அவன் சேர்ந்திருக்கும் குழுவும், அந்தக் குழு போட்ட ஒப்பந்தமும்தான்.

நிலமே இல்லாதவர்கள்? அதைத்தான் இங்கே வந்திருக்கிற விவசாயத் தொழிலாளர்கள் கேட்பீர்கள். கார்பன் பணம் நிலத்தைத் தொடர்ந்து போகிறது. வரப்பை வெட்டியவர் கை எதுவானாலும் சீட்டு நிலத்துக்காரர் பெயரில்தான். அங்கே ஏரிக்கரையில் வயல் வேலையில் பெரும்பங்கு பெண்கள் செய்கிறார்கள். நிலப் பத்திரம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. இங்கே நம் ஊரில் குத்தகைக்கு உழுகிறவர் மரம் நட்டால், பத்தாவது வருஷம் அந்த மரத்தின் கரிக்கு உரியவர் யார்? கூலிக்கு வரப்பு எடுத்தவருக்கு அன்றைய கூலிக்கு மேல் ஏதாவது உண்டா? ஒப்பந்தக் காகிதம் வருகிற அன்று அதைத் தமிழில் முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வருஷத்துக்கு, நடுவில் மரத்தை வெட்டினால் என்ன தண்டம், அளக்கிற செலவு யார் தலையில் என்று கேளுங்கள். குத்தகைதாரர், கூலியாள் என்ற சொற்கள் அதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.