இணைப்பே உயிர்நிலை



நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் நின்று நீங்கள் மேலே நோக்கியிருப்பீர்கள். தூணின்மேல் போதிகை, போதிகையின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கற்பலகை. தனித்தனியே செதுக்கி ஏற்றிவைத்த உறுப்புகள் அவை. அவற்றைப் பெரும்பாலும் நிலைநிறுத்துவது அவற்றின் எடையே.

இக்காலத்தில் சுவரையும் தளத்தையும் கான்கிரீட் பலகைகளாகத் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் தூக்கி நிறுத்துகின்றனர். முன்வார்ப்பு முறை என்பது இதுவே. வேலை விரைவில் முடியும். ஆனால் கோயிற் கல்லின் பருமன் இப்பலகைகளுக்கு இல்லை. எனவே எடையை மட்டும் நம்பி இவற்றை அடுக்கிவிடலாகாது.

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடம் இவ்வாறு எழுப்பப்பெற்றது. 1968ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் விடியற்காலையில், 18ஆம் மாடியில் ஓர் அம்மையார் தேநீர் வைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. அதன்மேல் நின்ற மாடிகள் தாங்குவாரின்றிச் சரிந்து, கீழ்மாடிகளையும் வீழ்த்தின. கட்டடத்தின் ஒரு மூலையே இடிந்தது. நால்வர் மாண்டனர்.

கான்கிரீட் வலுவற்றதா? அன்று, பலகையைப் பலகையோடு பிணைத்த பிடிப்பே போதாதிருந்தது. 1986இல் அக்கட்டடத்தைப் பிரித்தபோது, சாந்து நிறைந்திருக்க வேண்டிய இடைவெளிகள் சில சரிவர நிரப்பப்படாததையும் கண்டனர்.

முறையே தவறு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1988 டிசம்பரில் ஆர்மீனியா நாட்டில் நிலம் நடுங்கியபோது, லெனினாகான் நகரில் முன்வார்ப்புத் தூண்களும் உத்திரங்களும் கொண்ட ஒன்பது மாடிக் கட்டடங்கள் பல வீழ்ந்தன. அதே நகரில் பெரும்பலகைகளால் கட்டியவை நின்றன.

நல்ல இணைப்பு எப்படி அமையும்? பலகையின் விளிம்பில் எஃகுக் கம்பி வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை அடுத்த பலகையின் வளையங்களோடு பொருந்தி நிற்க, நடுவே நெட்டுக்கம்பியைச் செருகி, இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்புவர். கீழ்ப்பலகையிலிருந்து எழும் கம்பி மேற்பலகையிலுள்ள குழலுக்குள் நுழையும். அக்குழலில் சுருங்காத சிமெண்டுச் சாந்தைப் பாய்ச்சுவர். இவ்வாறு பிணைத்துவிட்டால், ஒரு சுவர் போனாலும் அதன் பளுவை அண்டைச் சுவர்கள் ஏற்றுக்கொள்ள வழியுண்டு. ஓரிடத்து விபத்து கட்டடம் முழுவதையும் வீழ்த்தலாகாது என்னும் விதி இங்கிலாந்தில் 1970இல் பிறந்ததும் இக்காரணத்தாலேயே.

ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பலகையில் குறையிருப்பின் கண்ணுக்குத் தெரியும். இணைப்பிலுள்ள குறையோ மேற்பூச்சுக்குள் மறைந்துவிடும். சாந்து குழலின் அடிவரை சென்றதா என்பதை, அருகில் நின்று பார்த்தவர் ஒருவரே அறிவார். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகி, அந்த இடத்தில் நிற்பீர்கள். உள்ளே உறங்கப்போகும் குடும்பம் உங்களை அறியாது. அதன் உயிர் மட்டும் உங்கள் கண்காணிப்பில் இருக்கும். மூடுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.